பாதி முகத்தில் சிவப்பு வெளிச்சம்

தக்கலையில் அவரை முதன்முதலாகப் பார்த்த அன்று அவருடைய வலது கன்னம் செக்கச் சிவந்திருந்தது. இடது கன்னம் சாதாரணமாக இருந்தது. யாரோ அடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. புருவம் திருத்திக்கொள்ள அவருடைய பார்லருக்குப் போனவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, கேட்கலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு அவரே சொன்னார்.

"பயப்படாதே மக்களே. ஆரும் அடிக்கல்ல. புது ப்ளீச் ஒண்ணு வந்திருக்கு. பாதி மொகத்துல போட்டுப் பாத்தேன். கொள்ளாது. நாளைக்குத் திருப்பி அனுப்பிருவேன்."

"கையில போட்டுப் பாத்திருக்கலாமே?"

"கைக்கத் தொலியும் மொகத்துக்கத் தொலியும் ஒண்ணா? கையில நேத்தே போட்டாச்சு. ஒண்ணும் ஆவல்ல. மொகத்துலதான் எரிஞ்சுது."

நாகர்கோவிலுக்குக் கிழக்கே பிறந்த எனக்கு, ஒருத்தியைப் பார்த்தே 'மக்களே' என்று கூப்பிடும் அந்தப் பேச்சு ராகம் போட்டுப் படிப்பதுபோல் இருந்தது. அவர் வாயிலிருந்து வரும் தீர்ப்புகள் இரண்டே இரண்டு: நல்லது என்றால் கொள்ளாம், ஆகாது என்றால் கொள்ளாது. க்ரீம், சோப்பு, சாம்பார்ப் பொடி, சபைக்கு வந்த புது ஆயரின் பிரசங்கம், எல்லாவற்றுக்கும் அந்த இரண்டுதான். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு முன் அவர் எவ்வளவு பாடுபடுவார் என்பது பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அவருடைய பார்லர். முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை. கீழே பிஸ்கட் வேகும்போது மேலே ஃபேஷியல் செய்துகொள்பவர்களுக்குப் பசி எடுக்கும். அவரை எல்லோரும் பார்லர் அக்கா என்றே சொன்னார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். தன் முகத்தில் பாதியில் போட்டுப் பார்க்காத எதையும் அவர் இன்னொருவர் முகத்தில் போடமாட்டார்.

"ஏன் அக்கா பாதி? முழுசும் போட்டாத்தானே தெரியும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முழுசும் போட்டா முன்ன எப்படி இருந்துதுன்னு மறந்து போவும். இந்தப் பக்கம் சும்மா கெடந்தா அது மறக்க விடாது."

இந்தப் பழக்கம் முகத்தோடு நிற்கவில்லை. புது மசாலா வாங்கினால் சாளை மீனைப் பாதி அதில் புரட்டுவார், மீதிப் பாதி பழைய மசாலாவில். பார்லர் சுவருக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர், பாதிச் சுவரை அடித்துவிட்டு ஒரு வாரம் காத்திருக்க அக்கா சொன்னதில் கோபித்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒருமுறை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு இடது கன்னம் முழுக்கப் பொரிந்த முகத்தோடு போய் நின்றார். போட்டோ கெட்டது என்று பெண்ணின் அம்மா முணுமுணுத்தாராம். "எனக்க கன்னம்லா பொரிஞ்சுது, உனக்க மகளுக்க கன்னம் பொரியல்லியே, அதுக்குச் சந்தோசப்படு" என்று சொல்லிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாராம். இதை அவரே சொல்லிச் சிரித்தார்.

பார்த்ததை மறைக்கத் தெரியாதவர். அதனால் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. தங்கத் துகள் ஃபேஷியல் வேண்டும் என்று வந்த ஒரு டீச்சரை அவர் கையில் கண்ணாடியைக் கொடுத்து உட்கார வைத்தார். "இந்த வயசுக்கு இது நல்ல மொகம். இதுக்கு மேல இதுல ஒண்ணும் செய்யாண்டாம். தொடைச்சு விடுதேன், போங்க." டீச்சருக்கு அது அவமானமாகிவிட்டது. நாகர்கோவிலில் பெரிய கடைக்குப் போய்த் தங்கத்தைப் பூசிக்கொண்டார். கொஞ்ச காலம் கழித்து இங்கேயே திரும்பி வந்தார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. துடைத்து விட்டார்.

இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு எனக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. காப்பிக் கறை மாதிரி. விசேஷ வீடுகளில் ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்து ஒவ்வொரு கைவைத்தியம் சொன்னார்கள். கண்ணாடி பார்ப்பதையே குறைத்துக்கொண்டேன். அக்காவிடம் போய், "ஏதாவது செய்யுங்க" என்று அழாத குறையாக நின்றேன். ஜன்னல் பக்கம் கூட்டிப்போய் என் முகவாயைப் பெருவிரலால் தூக்கிப் பார்த்தார். "இது எனக்க கையில நிக்காது பிள்ளே. தொலி டாக்டர்ட்ட போ. குடை எடுக்காம வெளிய எறங்காதே." அவ்வளவுதான். கோபம் வந்தது. ஆனாலும் போனேன். நாகர்கோவில் டாக்டரம்மாவும் வெயில் படக்கூடாது, பொறுமை வேண்டும் என்று அதையேதான் இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னார்.

அக்காவின் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், சவுதியில் ஏசி மெக்கானிக். பல வருஷம் அங்கே இருந்தவர், வருஷத்துக்கு ஒருமுறை வந்து போவார். ஒரே மகள் நர்சிங் படித்துக்கொண்டு விடுதியில் இருந்தாள். ஒரு வருஷம் அவர் வந்தபோது திரும்பிப் போகும் டிக்கெட் எடுக்கவில்லை. இனிப் போகப் போவதில்லை என்றார். கையில் இருந்ததில் பெரும்பகுதியைப் போட்டு ஒரு கம்பெனியிலிருந்து ஒரு இயந்திரத்தை வரவழைத்தார். ஆள் உயரத்துக்கு ஒரு பலகை, அதில் நெருக்கமாகச் சிவப்பு விளக்குகள். கூடவே முகத்தில் மாட்டிக்கொள்ள ஒரு முகமூடி. அதன் உள்ளேயும் சிவப்பு விளக்குகள். பின்னறைக்குப் பெயின்ட் அடித்தார். படிக்கட்டில் 'சிவப்பு ஒளி சிகிச்சை' என்று போர்டு வைத்தார்.

அண்ணன் ஏமாற்றுக்காரர் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். சவுதியில் பெரிய கடைகளில் ஏசி ரிப்பேர் செய்யப் போகும்போது, பணக்காரப் பெண்கள் இந்த வெளிச்சத்துக்காக வரிசையில் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். பார்த்த அன்றே அது அவர் மனசில் இறங்கிவிட்டது. செல்போனில் அதைப் பற்றிய வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தார். என்னிடமும் சொன்னார்.

"ஊசி இல்ல, மருந்து இல்ல, எரிச்சல் இல்ல. வெளிச்சம் தொலிக்க உள்ள போயி வேலை செய்யும். சுருக்கம், வடு, மங்கு எல்லாம் போவும் கேட்டியா. உனக்க மங்குக்கும் இதுதான் மருந்து."

என் நெஞ்சு துள்ளியது. அக்காவைப் பார்த்தேன். அவர் முகமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்க அத்தான். மொதல்ல நான் போட்டுப் பாக்குதேன்."

"எத்தன நாளு?"

"எனக்கு எப்படித் தெரியும்? தெரியுத வர."

அண்ணன் சிரித்தார். மனைவியின் பழக்கம் தெரிந்தவர்தானே. ஒரு வாரம், பத்து நாள் என்று நினைத்திருப்பார்.

அக்கா முகமூடியின் உள்ளே ஒரு பாதிக்குக் கறுப்புத் துணியை மடித்துத் தைத்தார். காலையில் கடை திறந்ததும், ஆள் வருவதற்கு முன், கண்ணுக்கு மறைப்பு வைத்துக்கொண்டு அதைப் போட்டபடி உட்கார்ந்திருப்பார். முதலில் எல்லோரிடமும் காட்டினார். "எந்தப் பக்கம் கொள்ளாம், பாத்துச் சொல்லுங்க." எல்லோரும் இடது பக்கத்தைக் காட்டினார்கள். அண்ணனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் அக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வெளிச்சம் படுவது இடது பக்கம் என்று இவர்களுக்கெல்லாம் முன்பே தெரியுமே. தெரியாத ஆள் என்ன சொல்வார்? கீழே பேக்கரியில் வேலைக்கு வந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த அம்மா நன்றாகப் பார்த்துவிட்டு வலது பக்கத்தைக் காட்டினார்.

"நாள் காணாது, இன்னும் போட்டுப் பாக்கணும்" என்றார் அக்கா. அன்றே துணியைப் பிரித்து, எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாதபடி வைத்துத் தைத்துக்கொண்டார். கட்டிய கணவரிடம்கூடச் சொல்லவில்லை. பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். ஆனி மழையில் தொடங்கியது இது. ஆடி போனது, ஓணம் போனது. அக்காவின் தீர்ப்பு வரவில்லை. போர்டைப் பார்த்து மேலே ஏறி வந்தவர்களிடமெல்லாம், "இன்னும் பாத்துக்கிட்டு இருக்கேன், அப்புறம் வாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கல்யாணப் பெண். கன்னம் நிறையப் பருக் குழிகள். அவள் அம்மாவிடம் அண்ணன் போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். தாயும் மகளும் பஸ் ஏறி வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அக்கா அந்தப் பெண்ணை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"கல்யாணம் எப்போ?"

"அடுத்த மாசம்."

"அதுக்குள்ள இது ஒண்ணும் காட்டாது மக்களே. குழி இதுல நெகராது. அதுக்கு டாக்டர்ட்டதான் வழி உண்டு, அதுக்கும் நாள் புடிக்கும். இப்போ இதுல பைசாவ வைக்காதீங்க."

அம்மாக்காரி அண்ணனைப் பார்த்தார். "நீங்கதானே சார் பளிங்கு மாதிரி ஆயிரும்னு சொன்னீங்க?"

அண்ணன் கையில் வைத்திருந்த விளம்பரத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். சவுதியிலிருந்து வந்த மனிதரை அத்தனை சின்னவராக அதுவரை நான் பார்த்ததில்லை. அக்கா சொன்னது சரி. ஆனாலும் அன்று எனக்கு அக்காமேல் கொஞ்சம் வருத்தம்தான். அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

எனக்கும் ஆசை விட்டபாடில்லை. ஒரு மத்தியானம், "என்னை மட்டும் அதில் உட்கார வையுங்க அக்கா, எனக்குச் சம்மதம்" என்றேன்.

"மங்குக்கு வெளிச்சமும் சூடும் ஆவாதுன்னு உனக்க டாக்டரம்மா சொல்லலியா?"

"சொன்னாங்க. சில பேருக்குக் கூடும்னுதான் சொன்னாங்க. எல்லாருக்கும்னு சொல்லல."

"அந்தச் சில பேருல நீ இல்லேன்னு எனக்குத் தெரியாதே. எனக்கு மங்கு கெடையாது. அப்ப உனக்க மொகத்துக்கு நான் எங்ஙன போட்டுப் பாக்க?" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. மங்கு தனக்கு இல்லாமல் போனதே என்று வருத்தப்பட்ட ஒரே ஆளை அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். "டாக்டர் தந்த களிம்பப் போடு. குடையப் புடி. கறுப்புதானே, அது யாருக்க சொத்தயும் புடுங்கல்ல."

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டுவிட்டார். "இப்போ பாரு. எந்தப் பக்கம்?" ரொம்ப நேரம் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. வலது என்று சும்மா சொன்னேன். ஜன்னலைத் திறந்து வெளிச்சத்துக்கு நேராக நின்றார். சிரிக்காமல் கண்ணை மட்டும் கொஞ்சம் இடுக்கினார். அப்போது தெரிந்தது. இடது கண்ணின் ஓரத்தில் இருந்த மெல்லிய கோடுகள் வலது பக்கத்தைவிடக் கொஞ்சம் அடங்கியிருந்தன. அந்தக் கன்னத்தின் சொரசொரப்பும் கொஞ்சம் குறைந்திருந்தது.

"இடது! இடது அக்கா!" என்று கத்தினேன்.

"ம். தேடினாத் தெரியும். தேடாட்டாத் தெரியாது." பெரிய கண்டுபிடிப்பாக அதைச் சொல்லவில்லை, கூட்டு வெந்துவிட்டது என்பதுபோலச் சொன்னார். நெற்றியோரத்தில் இருந்த ஒரு பழைய வடுவைத் தொட்டுக் காட்டினார். அது அப்படியே இருந்தது. இடது கன்னத்தில் இருந்த கறுப்புப் புள்ளியும் அப்படியே இருந்தது.

இதற்கிடையில் அண்ணன் இயந்திரம் விற்ற கம்பெனியோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். மாவட்டம் முழுவதுக்கும் ஏஜென்சி அவருக்கே தருவதாகச் சொன்னார்கள். அக்காவின் பாதி முகக் கதையைக் கேட்டதும் அவர்களுக்கு வாய் ஊறிவிட்டது. அதை வீடியோ எடுத்துவிட்டால் போதும் என்றார்கள். ஒரு சனிக்கிழமை கேமராவோடு கம்பெனியின் ஆள் ஒருவன் வந்து இறங்கினான். நல்ல பையன்தான். எல்லோரையும் அக்கா, அம்மா என்று மரியாதையாகக் கூப்பிட்டான். கூட்டம் இருப்பது போலத் தெரிய வேண்டும் என்று அண்ணன் என்னையும் வரச் சொல்லியிருந்தார். வாசலில் பூ மாலைகூடக் கட்டியிருந்தார்.

அக்கா புதுச் சேலை கட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். கேமராவைப் பார்த்துக் கொஞ்சமும் கூசாமல் பேசினார்.

"மாசக்கணக்கா நான் இந்த முகமூடியப் பாதி மொகத்துக்குப் போட்டேன். கண்ணு பக்கத்துல கோடு கொஞ்சம் கொறஞ்சிருக்கு. தொலி கொஞ்சம் மிருதுவா ஆயிருக்கு. எரிச்சல் ஒண்ணும் இல்ல."

பையன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அண்ணன் முகம் மலர்ந்தது.

"வடு போவல்ல. புள்ளி போவல்ல. நெறம் மாறல்ல. மங்கு உள்ளவங்க டாக்டர்ட்ட கேக்காம இதுல இருக்காண்டாம். நடுவுல காய்ச்ச வந்து கொஞ்ச நாள் விட்டேன், கோடு பழையபடி திரும்பி வந்துச்சு. அதனால விடாம போடணும். அவ்வளவு பைசாவும் பொறுமையும் உள்ளவங்க போடலாம். இல்லாதவங்களுக்குக் குடை போதும்."

பையன் கேமராவை இறக்கினான். "அக்கா, முதல்ல சொன்னது சூப்பர். பின்னாடி சொன்னதை நான் வெட்டிடறேன்."

"வெட்டினா அது நான் சொன்னதா ஆவாதே."

"அக்கா, பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம். சொன்னதுல பாதி போதும்னுதான்..."

"வேண்டாம் மக்களே. அப்பக் கேமராவ எடுத்துட்டுப் போ. கோவிக்காதே, கீழ இருந்து கேக் வாங்கித் தாரேன், தின்னுட்டுப் போ."

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் அக்காவைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்ற கெஞ்சல் அந்தப் பார்வையில் இருந்தது. அக்காவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஆனால் தலையை ஆட்டவில்லை. பையன் கேக் தின்னாமல் போனான். ஏஜென்சி வரவில்லை.

அதன் பிறகு அந்த மாடியில் பேச்சுக் குறைந்தது. அண்ணன் பகலெல்லாம் பின்னறையில் அணைத்து வைத்த பலகையின் முன் உட்கார்ந்திருப்பார். பழைய நண்பர்களுக்குப் போன் போடுவார். விசா, மெடிக்கல், அரபு முதலாளியைக் குறிக்கும் கபீல் என்ற சொற்கள் காதில் விழும். அக்கா வாடிக்கையாளரின் புருவத்தில் நூலை ஓட்டிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் நூல் அறுந்தது. மறுபடி எடுத்தார். அதுவும் அறுந்தது. நாற்காலியில் இருந்த நான் கண்ணைத் திறந்தேன். அவர் நூல்கண்டை வைத்துவிட்டுப் பின்னறை வாசலில் போய் நின்றார்.

"மறுபடியும் போவப் போறீங்களா?"

"பின்ன இஞ்ச இருந்து நான் என்ன செய்ய? எனக்க பைசா முழுசும் இந்தப் பலகையில கெடக்கு. அத நீயே கொள்ளாதுன்னு ஊருக்குச் சொல்லிட்டே."

"கொள்ளாதுன்னு நான் சொல்லல்ல. உள்ளதச் சொன்னேன்."

"உள்ளதச் சொல்லி என்ன கண்டே? இந்த லைட்ட நம்பித்தான் நான் வந்தேன்."

அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் குரல் உடைந்து வந்தது.

"நீங்க லைட்ட நம்பி வந்திருக்கலாம் அத்தான். லைட்டுக்கு வேண்டியா நான் உங்கள வரச் சொன்னேன்? வருசத்துக்கு ஒரு மாசம் ஒருத்தர் வந்து போறத இருபது வருசமாப் பாத்தாச்சு. இனியும் பாக்க என்னால ஏலாது."

நான் இருப்பது இருவருக்கும் நினைவில்லை. எழுந்து போகவும் வழியில்லை, ஒரு புருவம்தான் முடிந்திருந்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அங்க செஞ்சத இஞ்ச செய்யுங்க" என்றார் அக்கா.

"ஊர்க்காரன் வீட்டுல ஏணி போட்டு ஏசி கழுவச் சொல்லுதியா? சவுதிக்குப் போயிட்டு வந்தவன் கெதி இதுதான்னு சிரிப்பானுவ."

"சிரிக்கட்டும். மொதல்ல எனக்க ஏசியக் கழுவுங்க. அது மூணு மாசமா ஒழுகுது. நான் கீழ வாளி வச்சுப் புடிச்சிட்டிருக்கேன்."

அண்ணன் நிமிர்ந்து முன்னறை ஏசியைப் பார்த்தார். அதன் கீழே உண்மையாகவே ஒரு வாளி இருந்தது. அவ்வளவு நாளும் அவர் அதைக் கவனிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். மூடியைக் கழற்றியதும் கறுப்புத் தண்ணீர் அவர் தலையிலும் சட்டையிலும் கொட்டியது. "சவம், இத இப்படியா வச்சிருப்பா!" என்று கத்தினார். அக்கா சிரித்தார். அழுத கண்ணோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்று சிரித்தார். ஸ்டூலில் நின்றபடியே அண்ணனும் சிரித்துவிட்டார். பெஞ்சில் காத்திருந்த ஒரு பெண், "சேட்டா, எங்க வீட்டு ஏசியும் ஒழுகுது, நாளைக்கு வரமுடியுமா?" என்று கேட்டாள்.

அப்படித்தான் அது தொடங்கியது. கொஞ்ச நாளில் சிவப்பு ஒளி போர்டுக்குக் கீழே ஏசி சர்வீஸ் போர்டு வந்தது. குலசேகரம் வரை அவருக்கு வேலை இருந்தது. மாலையில் வீடு திரும்பும்போது பேக்கரியில் இரண்டு டீ சொல்லிவிட்டு மாடி ஏறுவார்.

அந்தப் பலகையும் சும்மா கிடக்கவில்லை. கேட்டு வருபவர்களிடம் அக்கா தான் கண்டது எல்லாவற்றையும் சொல்வார். கேட்டுவிட்டு நாலு பேர் போய்விடுவார்கள், ஒருவர் இருப்பார். கண்ணோரக் கோடு குறைந்தால் போதும் என்று விடாமல் வந்தவர்கள் உண்டு. அவர்களுக்குச் சந்தோஷம்தான். முந்திரி ஆலையில் வேலை பார்த்த ஒரு பெண் ஞாயிறு தவறாமல் மத்தியானம் வந்தாள். வெளிச்சத்தில் படுத்தால் தனக்கு முகம் மட்டுமல்ல, மனசும் தெளிகிறது என்றாள். அக்கா யோசித்தார். "அது லைட்டுக்க வேலை இல்ல மக்களே. கதவ அடைச்சிட்டு நீ ஒருத்தி தனியாக் கெடக்கியே, அதுக்க வேலை. அதுக்கு நீ பைசா தராண்டாம். சும்மா வந்து கெட." அதன் பிறகு விளக்குப் போடாமலே அவள் அந்த அறையில் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுப் போவாள். கதவைத் தட்ட அக்கா யாரையும் விடமாட்டார்.

என் கணவருக்குச் சென்னையில் வேலை கிடைத்து நாங்கள் தக்கலையை விட்டுக் கிளம்பினோம். வருஷங்கள் ஓடின. சிவப்பு வெளிச்ச முகமூடி இப்போது சென்னையில் என்னோடு வேலை பார்க்கும் பெண்களின் கைப்பைக்குள்ளேயே வந்துவிட்டது. வாங்கலாமா என்று யாராவது கேட்டால் அக்கா கேமரா முன்னால் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். கேட்பவர்கள் முகத்தில் ஓர் ஏமாற்றம் வரும். அந்த ஏமாற்றத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்லி முடிப்பது எவ்வளவு சிரமம் என்று இப்போது தெரிகிறது.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகத் தக்கலை போயிருந்தேன். மண்டபத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தது போல ஒன்றையே சொன்னார்கள். முகம் தெளிந்துவிட்டது, மங்கு போயே போய்விட்டது, சென்னைத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டது என்று. சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது. சாப்பாடு முடிந்ததும் மண்டபத்திலிருந்து நழுவி அந்த மாடிக்கு ஏறினேன்.

அக்கா கொஞ்சம் தடித்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். என்னைக் கண்டதும், "எம்மா, எப்ப வந்தே பிள்ளே!" என்று கையைப் பிடித்து நேராக ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனார். முகவாயைப் பெருவிரலால் தூக்கினார். இரண்டு கன்னத்தையும் பார்த்தார்.

"மங்கு நல்லாக் கொறஞ்சிருக்கு" என்றார்.

நான் சிரித்தேன். அவர் விரலை எடுக்கவில்லை. இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ ஒறங்கி எத்தன நாளாச்சு?"

"நல்லாத்தான் இருக்கேன் அக்கா. எல்லாரும் அதத்தானே சொல்றாங்க."

"இல்ல" என்றார் அவர். அவ்வளவுதான். வேறு சொல் இல்லை.

"அம்மா..." என்று ஆரம்பித்தேன். அம்மா போய் நாலைந்து மாதம் ஆகியிருந்தது. காரியம் முடித்து, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்து, வேலைக்குத் திரும்பி, பிள்ளைகளின் பரீட்சை பார்த்து, இந்தக் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலையும் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். அதுவரை எங்கும் நிற்காத வண்டி அந்த ஜன்னல் ஓரத்தில் நின்றுவிட்டது.

பெஞ்சில் ஒரு பெண் முறைக்காகக் காத்திருந்தாள். அக்கா திரும்பி அவளிடம், "கோவிக்காதே மக்களே, நாளைக்கு வா" என்றார். அவள் போனதும் கதவைச் சாத்தினார். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணாடிக்கு முதுகு காட்டும்படி அதைத் திருப்பினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே முட்டி இடிக்க உட்கார்ந்து, என் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இனிச் சொல்லு" என்றார்.